அடிமை ஓலையும் விடுதலைச் சீட்டும்



நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பொலன்னறுவையிலிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கட்டளை கூறுவது இது: பரதேசத்து வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும், அங்ஙனம் வந்தோரைக் காத்தல் வேண்டும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் ஆகும், பிற சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் சரிபாதியாகப் பகிரப்படும். ஊராத்துறை என அக்கல் சொல்லும் துறையே இன்றைய ஊர்காவற்றுறை.

கடல் கடந்து வருபவனுக்குச் சட்டம் காவலாக நிற்கவேண்டும் என்னும் கொள்கை, நமது தீவுப் பகுதியிலே கல்லில் எழுதப்பட்டு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. இதனை நாம் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு, சொல்லுதலும் தகும். ஆயினும் அக்கல் எழுதப்பட்டு ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் சோழமண்டலக் கரையிலிருந்து வேறொரு வகைப் பரதேசிகள் இவ்வடபுலத்துக்குக் கொணரப்பட்டனர். கலத்தின் கணக்கிலே அவர்களும் சரக்காகவே எழுதப்பட்டனர். அவர்களுக்கும், அவர்களைப் போல இம்மண்ணிலேயே அடிமைகளாகப் பிறந்தோர்க்கும், சட்டம் எப்பொழுது கைகொடுத்தது, எவ்விடத்திற் கைவிட்டது என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மனித வியாபாரத்துக்கு இரையாகி மீண்டவர்களுக்குச் சட்ட உதவி வேண்டும் என்று இக்காலத்திற் பலரும் பேசுகின்றனர். அப்பேச்சுக்கு இங்கே ஒரு பழைய வரலாறு உண்டு என்பதைப் பலர் அறியார்.

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலின் நடுவே நிற்கும் கடற்கோட்டையும் அவ்வாண்டிலேயே அவர் வசமாயிற்று. இலங்கைத் தீவு பன்றித் தொடையின் வடிவினது என்று கருதி, அதன் குதிக்கால் போன்ற இடம் என்னும் பொருளில் அக்கோட்டைக்கு ஹமன்ஹீல் என்று பெயரிட்டனர். தீவுகளுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. இவற்றுள் நெடுந்தீவின் பெயர் மாத்திரம் இன்றும் அரசாங்கக் கடிதங்களில் ஆங்கில வடிவிலே நின்று நிலவுகின்றது.

அவர் வந்த மறு ஆண்டே தஞ்சை நாட்டிலே கொடும்பஞ்சம் தொடங்கியது. மழை பொய்த்தது, வீஜாப்பூர்ப் படைகள் வயல்களை அழித்தன. 1659 முதல் 1661 வரையுள்ள மூன்றாண்டுகளில் எண்ணாயிரம் முதல் பதினாயிரம் வரையிலான மக்கள் அக்கரையிலிருந்து அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டனர் என்று ஒல்லாந்தக் கும்பனியின் கடிதங்களை ஆராய்ந்தோர் கணக்கிடுவர். அவருட் பெரும்பாலோர் வந்து சேர்ந்த நாடு இலங்கை. எஞ்சிய சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றனர். அந்நாளில் யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்த பால்டேயஸ் என்னும் ஒல்லாந்தக் குருவானவர், 1672இல் வெளிவந்த தமது பெருநூலிலே அப்பஞ்சத்தின் கொடுமையை எழுதியுள்ளார்.

முப்பது ஆண்டுகள் சென்றபின் மீண்டும் தஞ்சைக்கு இடர் நேர்ந்தது. மீண்டும் தோணிகள் வந்தன. இம்முறை கணக்கு இன்னுந் தெளிவாக உளது. 1697ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கிய கொமாந்தர் சுவார்டக்குரோன், தமக்குப் பின் பொறுப்பேற்போர்க்கு எழுதிவைத்த குறிப்பிலே, 1694 இறுதி முதல் 1696 இறுதி வரையுள்ள ஈராண்டில் 3,500-க்கு மேற்பட்ட அடிமைகள் எதிர்க்கரையிலிருந்து வந்தனர் என்றும், அவர்பொருட்டுத் தீர்வை செலுத்தப்பட்டது என்றும் குறித்துள்ளார். ஒரு பெரிய கிராமத்து மக்கள்தொகைக்கு ஒப்பான தொகை அது. ஆளொருவருக்கு இவ்வளவு என்று தீர்வை வாங்கிய அரசு, வந்தவர் எவர், எவ்வூரினர், தம் விருப்பத்தோடு வந்தனரா என்று கேட்டதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வரும் கடற்கலங்களுக்கு ஊர்காவற்றுறையே வாயிலாக இருந்தமையால், அவருட் பலர் அக்கடற்கோட்டையைக் கடந்தே கரை சேர்ந்திருப்பர் என்று கொள்ளுதல் பொருந்தும்.

இத்தீமையை ஒல்லாந்தர் தலையில் மாத்திரம் சுமத்துதல் எளிது. அஃது உண்மையாகாது. விற்ற தரகரும் தமிழர், வாங்கிய செல்வரும் பெரும்பாலும் தமிழர், விலைப்பட்டவரும் தமிழர். கும்பனி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சோழநாட்டில் இவ்வழக்கம் இருந்தது. மூன்றாங் குலோத்துங்கன் காலத்திலே, 1201ஆம் ஆண்டளவில், பஞ்சத்தில் உணவின்றி வாடிய வேளாளன் ஒருவன் தன்னையும் தன் புதல்வியர் இருவரையும் 110 காசுக்குத் திருப்பாம்புரத்துக் கோயிலுக்கு விற்றான் என்று அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. வயிறு எரியும்போது கையொப்பமிட்ட அவ்வோலையை ‘இசைவு’ என்று அக்காலத்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது. பசியால் வந்த சம்மதம் சம்மதமாகுமா என்னும் வினாவை இவ்விடத்தே நினைவிற் கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகின்றேன். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரே உலகச் சட்டம் அதற்குத் தக்க விடை கூறியது.

இனி, அடிமைக்கு இங்கே என்ன சட்டம் இருந்தது என்று பார்ப்போம். தேசாதிபதி சைமன்சின் பணிப்பின்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்தவரின் வழக்காறுகளைத் தொகுத்தார். முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். 1707இல் நிறைவெய்திய அத்தொகுப்பே தேசவழமை. சொத்து, சீதனம், ஈடு, அயலவர் முன்னுரிமை ஆகியன பற்றி அது கூறுவன இன்றும் நமது நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகின்றன. அந்நூலில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது என்பதை நமது சட்டப் புலவர்கள் மெல்லத்தான் சொல்வர்.

அப்பகுதி நான்கு வகுப்பினரை அடிமைகள் என்று குறிக்கின்றது. அவ்வகுப்புகளின் பெயர்களை வானொலியிலே எடுத்தோத வேண்டுவதில்லை, ஊர் அறியும். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது அதன் முதன்மையான விதி. தந்தை ஒருவனுக்கு அடிமையாகவும் தாய் மற்றொருவனுக்கு அடிமையாகவும் இருப்பின், பிள்ளைகள் தாயை உடையவனுக்கே உரியர். அடிமைப் பெண்ணின் வயிறு அங்ஙனம் ஒரு குடும்பத்தின் முதுசொம்மாகக் கருதப்பட்டது. ஒருவரை விடுதலை செய்ய விரும்பும் உடைமையாளர், தேவாலயத்திலே ஞாயிற்றுக்கிழமைகளில் அதனைப் பகிரங்கப்படுத்தி, தடை கூறுவார் இல்லையெனின் எழுத்து முறியும் கொடுத்தல் வேண்டும்.

அவ்வெழுத்து முறி யாருடைய கையில் இருந்தது, யார் எழுதினார் என்பதும் எண்ணத்தக்கதே. ஒல்லாந்தர் காலத்துக் கோவிற்பற்றுகளில் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே பிறப்பு, திருமணம், இறப்பு முதலியவற்றைப் பாடசாலைத் தோம்பிலே பதிந்தார். உறுதிகளையும் அவரே எழுதினார். எமது தொழிலின் முன்னோர் அங்ஙனம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கையாலேயே ஆள்விலை ஓலையும் எழுதினர். இதனை ஆசிரியர் மகாநாடுகளில் யாரும் சொல்லக் கேட்டிலேன்.

பரம்பரை உடைமை என்பதால் மற்றொரு விந்தையும் விளைந்தது. தந்தை இறந்தபின் காணியைப் பிள்ளைகள் பங்கிடுவது போல அடிமையையும் பங்கிட்டனர். ஓர் ஆளின்மேல் அண்ணனுக்குப் பாதியும் தம்பிக்குப் பாதியும், பேரப்பிள்ளைகள் காலத்தில் எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் என உரிமை துண்டுபட்டது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதியைப் படித்தவர்க்கு இக்கணக்குப் புதியதன்று. ஆனால் வேலியிட்ட நிலத்துக்கும் உயிருள்ள ஆளுக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தே தெரியும். ஏழு பங்காளர் விடுவித்து ஒருவர் மறுத்தால் அவ்வாள் விடுதலை பெற்றவரா, அல்லரா? எந்த வழக்கறிஞரும் இவ்வினாவுக்கு விடை கூற இடர்ப்படுவார்.

அடிமை வழக்கு என்று சொன்னவுடன் தமிழர்க்குத் திருவெண்ணெய்நல்லூர் நினைவுக்கு வரும். மணப்பந்தரிலே வந்து ‘இவன் எனக்கு அடிமை’ என்று வழக்குரைத்த முதியவரின் ஆளோலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உளது என்றார் முதியவர். சபையார் அம்மூலவோலையை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். பக்தி நூலாகப் பெரியபுராணத்தைப் படிப்போர் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்வர். சட்டம் பயில்வோர் நின்று பார்த்தல் வேண்டும். ‘அடிமை’ என்று சொல்பவனே அதனை நிறுவுதல் வேண்டும் என்னும் நெறி அங்கே உளது. ஒருவனது விடுதலை முழுவதும் இந்நெறியிலேதான் தங்கியிருக்கின்றது. நான் அடிமையல்லேன் என்று நிறுவும் சுமை ஏழையின் தலையில் வைக்கப்படுமாயின், எவ்வளவு நல்ல சட்டமும் அவனுக்குப் பயன்படாது. அவனிடம் ஓலையில்லை, எழுத வல்லவன் இல்லை, சாட்சி கூற வருவோரும் உடைமையாளரின் நிலத்திலேயே குடியிருப்போர்.

இங்கிலாந்திலே 1772இல் நிகழ்ந்த சாமர்செற் வழக்கும் இதனையே காட்டும். அமெரிக்கக் குடியேற்றத்திலிருந்து இலண்டனுக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கரான ஜேம்ஸ் சாமர்செற் தப்பி ஓடினார், பிடிபட்டார், யமேக்காவுக்கு விற்பதற்காகக் கப்பலிலே விலங்கிடப்பட்டார். அவருக்காக ஆட்கொணர்வு மனுச் செய்யப்பட்டது. கிரான்வில் ஷார்ப் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர், தாமே சட்டநூல்களைக் கற்று, வழக்கறிஞர்களைத் திரட்டித் துணை நின்றார். சாமர்செற்றைக் கப்பலில் வைத்திருக்க எந்தச் சட்டம் இடந்தருகின்றது என்று காட்டும் பொறுப்பை நீதிபதி மான்ஸ்பீல்ட் பிரபு எதிர்த்தரப்பின் மேலேயே வைத்தார். அத்தகைய சட்டம் காட்டப்படவில்லை, சாமர்செற் விடுவிக்கப்பட்டார். சட்டம் நல்லதாக இருந்தது என்பதைவிட, கப்பல் புறப்படுவதற்கு முன் அவருக்கு ஆள் இருந்தது என்பதே அவ்வழக்கில் என் உள்ளத்தைத் தொடும் செய்தி.

யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் அடிமைப்பட்டிருந்தோர்க்குக் கிரான்வில் ஷார்ப் ஒருவர் இலர். அவர்களுக்கு ஓரளவு துணை நின்றது ஒரு பதிவேடு.

ஆங்கிலேயர் 1796இல் இலங்கையின் கரையோரத்தைக் கைப்பற்றினர். 1806ஆம் ஆண்டில் அவர் இரு காரியங்களைச் செய்தனர். ஒன்று, தேசவழமைக்குச் சட்ட வலு அளித்தமை. மற்றொன்று, அடிமைகளைப் பதிவு செய்யுமாறு உடைமையாளருக்கு ஆணையிட்டமை. அப்பதிவைப் பலரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அடிமை என்பதற்குப் பதிவு வேண்டும் என்னும் எண்ணம் முதன்முதலாக இங்கே வேரூன்றியது அப்பொழுதுதான்.

1811 முதல் பிரதம நீதியரசராக விளங்கிய சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்ரன் அவ்வாண்டிலேயே இந்நாட்டவர்க்கு யூரர் முறையைக் கொண்டுவந்தார். பிறர் உயிரையும் விடுதலையையும் பற்றித் தீர்ப்புக் கூற அமரும் யூரர், தம் வீட்டிலே அடிமைகளை வைத்திருத்தல் தகுமா என்று அவர் கேட்டார். அதன் பயனாக 1816ஆம் ஆண்டிலே கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் முதலிய இடங்களைச் சேர்ந்த உடைமையாளர்கள், அவ்வாண்டு ஆகத்து 12ஆந் திகதிக்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாவரும் சுயாதீனர் என்று எழுதிக் கையொப்பமிட்டனர். அந்நாள் இங்கிலாந்தின் பதிலரசராக இருந்த இளவரசரின் பிறந்தநாள்.

ஜோன்ஸ்ரனைப் புகழ்வோர் இச்செயலைப் பெரிதும் பாராட்டுவர். பாராட்டத்தக்கதே. எனினும் அக்கையொப்பத்தால் அன்று உயிரோடிருந்த அடிமை ஒருவரும் விடுதலை பெறவில்லை. ஆகத்து 11ஆந் திகதி பிறந்த குழந்தை அடிமை. 13ஆந் திகதி பிறந்த குழந்தை சுயாதீனன். இருவருக்கும் பால் கொடுத்த தாய் அடிமை. அத்தாய் தன் பிள்ளை எந்நாளிற் பிறந்தது என்று எங்ஙனம் நிறுவுவாள்? நெடுந்தீவிலே பிறந்த ஒரு பிள்ளைக்காகக் கடலைக் கடந்து கச்சேரிக்கு வந்து எழுதுவிப்பவர் யார்?

இக்குறையை அரசாங்கமும் உணர்ந்திருத்தல் வேண்டும். ஈராண்டின் பின் தேசாதிபதி பிறவுண்றிக் காலத்தில் இயற்றப்பட்ட 1818ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பிரமாணத்தின் தலைப்பே ஒரு வரலாறு. தாய்மாரின் உடைமையாளரால் விடுவிக்கப்பட்ட ‘சில பிள்ளைகளுக்கு’ அவ்வுடைமையாளர் கருதிய நன்மையை முழுமையாகக் கிடைக்கச் செய்தற்கும், எல்லா அடிமைகளுக்கும் செம்மையான பதிவேடு ஒன்றை நிறுவுதற்கும், அடிமைகள்மேலுள்ள கூட்டுரிமையை ஒழித்தற்குமான பிரமாணம் என்பது அத்தலைப்பின் கருத்து. ‘சில பிள்ளைகள்’ என்னுஞ் சொல்லைக் கவனிக்க. உடைமையாளர் எல்லாரும் கையொப்பமிட்டாரல்லர். எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று கூறுபோட்ட முறையும் இப்பிரமாணத்தோடு முடிவுக்கு வந்தது.

அதனினும் பெரியது பதிவைப் பற்றிய விதி. குறித்த காலத்துள் பதியப்படாத ஆள் சுயாதீனர் எனக் கருதப்படுவார். இவ்வொரு விதியால் வழக்கின் முகமே திரும்பிவிட்டது. அதுவரை, அடிமை என்று ஊரார் சொல்வது போதும். அப்படியன்று என்று காட்டுதல் அவன் பாடு. இனிமேல் பதிவேட்டைக் காட்டுதல் உடைமையாளரின் கடன். ஏடு இல்லையேல் ஆளும் இல்லை. எழுதப் படிக்க அறியாத ஒருவன் நீதிமன்றப் படியேறி, ‘என் பெயர் எங்கே பதிந்திருக்கின்றது, காட்டுங்கள்’ என்று கேட்கக்கூடிய நிலை முதன்முறையாகத் தோன்றியது. கேட்டவர்களும் இருந்தனர். அடிமைகளென்று கூறப்பட்டோர் மனுக்களோடும் வழக்குகளோடும் அக்கால அரசாங்கத்தை நாடியதற்கான பதிவுகளைப் பேராசிரியை நிரா விக்கிரமசிங்க தமது 2020ஆம் ஆண்டு நூலிலே ஆராய்ந்துள்ளார். அவர்களை வாய்பேசாத கூட்டமாக எண்ணும் நமது வழக்கத்தை அந்நூல் திருத்துகின்றது.

1821இல் வேறோர் ஏற்பாடு செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்து அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை, பிறந்தவுடன் அரசாங்கமே சில இறைசால் விலை கொடுத்து வாங்கி விடுவிக்கும். பிள்ளை தாயின் நிலையை அடையும் என்று தேசவழமை சொன்னதன்றோ? ஆகவே பெண் குழந்தைகள் விடுதலை பெற்றால் அடிமைப் பரம்பரை தானே அற்றுப்போகும் என்பது கணக்கு. கணக்குச் சரியே. ஆயினும் ஓர் அரசாங்கம் தன் குடிமகளைத் தொட்டிலிலே விலை கொடுத்து வாங்கிற்று என்பதைப் படிக்குந்தோறும் எனக்கு ஒவ்வாமை தோன்றும். விற்றவனுக்குப் பணம் கிடைத்தது. விலைப்பட்டவளுக்கும் அவள் தாய்க்கும் நட்டஈடு கொடுக்க ஒருவரும் நினைக்கவில்லை. பெரிய பிரித்தானியா 1833இல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோதும் இருபது மில்லியன் பவுண் உடைமையாளர்களுக்கே சென்றது. அச்சட்டத்திலும் இலங்கை விலக்கப்பட்டிருந்தது. இலங்கைக்கு 1837இல் மற்றொரு பதிவுச் சட்டமே வந்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னரே அடிமைமுறை இந்நாட்டில் முழுமையாக நீங்கிற்று.

அதன் பின் நடந்ததை விரித்துரைக்க இன்று நேரமில்லை. விடுதலை பெற்றோர் கையிலே காணியும் இல்லை, கடனைத் தீர்க்கப் பணமும் இல்லை. பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியது. வளவின் மூலையிலிருந்த குடிசை நீங்கவில்லை. கிணற்றிலும் கோயில் வாயிலிலும் தேநீர்க்கடையிலும் பழைய அளவுகோலே ஆண்டது. அவற்றைத் தடுக்க 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வரவேண்டியிருந்தது. மலைநாட்டிலே தோட்டத் தொழிலாளரைக் கடனாற் கட்டிய ‘துண்டு’ முறையும் 1921 வரை நிலைத்தது. துண்டு என்பது சிறு கடதாசி. கடனைத் தீர்த்தால்தான் விடுவிப்போம் என்று எழுதிய அக்கடதாசியைக் கையில் வைத்திருந்தவர் தொழிலாளியின் உடலையும் கையில் வைத்திருந்தார்.

இன்றைய நிலைக்கு வருவோம். இக்காலத்து மனித வியாபாரி தோணியிலே விலங்கோடு வருவதில்லை. வெளிநாட்டிலே வேலை என்று சொல்லி வீட்டுத் திண்ணையிலே அமர்கின்றான். சில வேளை உறவினனாகவே இருக்கின்றான். சுற்றுலா விசாவிலே அனுப்புகின்றான். போய்ச் சேர்ந்த இடத்திலே கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓமான் நாட்டிலே நம் நாட்டுப் பெண்கள் அகப்பட்டுத் துயருற்ற செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின்னர் மியன்மார் எல்லைப்புற முகாம்களிலே, கணினி வழியாகப் பிறரை ஏமாற்றும் தொழிலில் இலங்கை இளைஞர்கள் வலிந்து ஈடுபடுத்தப்பட்டனர்.

இத்தகையோர்க்குச் சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் நமது தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதன் 360இ பிரிவு மனித வியாபாரத்துக்கு இரண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. இரையானவர் பிள்ளையாயின் மூன்றாண்டு முதல் இருபதாண்டு வரை. அதே சட்டம் கடனடிமை, கட்டாய உழைப்பு, அடிமைமுறை ஆகியவற்றையும் தனிக் குற்றமாக்கியது. 1844இல் ஒழிந்ததாக எழுதப்பட்ட ஒன்று 2006இலும் குற்றமாக எழுதப்பட வேண்டியிருந்தது என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்வாராக. ஐக்கிய நாடுகள் 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பலர்மோ நெறிமுறையிலே இலங்கை 2015இல் முழுமையாக இணைந்தது. ஏமாற்றியோ அச்சுறுத்தியோ இயலாமையைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பது அந்நெறிமுறையின் சாரம். திருப்பாம்புரத்து வேளாளனின் ஓலைக்கு உரிய விடை அதுவே.

எனினும் மீண்டு வருபவர் வாய் திறவார். ஏன்? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே பதியாமற் சென்றோம். விசாவை மீறித் தங்கினோம். நாமே குற்றவாளிகள் என்று நினைக்கின்றனர். 1818இல் பதிவில்லாமை ஏழைக்கு விடுதலையாயிற்று. இன்று பதிவில்லாமை அவருக்கு அச்சமாகின்றது; தரகனும் அவ்வச்சத்தை நன்கு அறிந்து அதன்மேல் அமர்ந்திருக்கின்றான். சட்ட உதவி முதன்முதலாகச் செய்யவேண்டிய பணி இவ்வச்சத்தை நீக்குதலே. நீர் குற்றஞ் செய்தவர் அல்லீர், குற்றத்துக்கு இரையானவர் என்று சட்டமறிந்த ஒருவர் அவருக்குத் தமிழிலே எடுத்துரைத்தல் வேண்டும். பொலிசில் எழுதப்படும் வாக்குமூலம் அவருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். தரகனுக்குப் பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, தொலைபேசியில் வந்த செய்தி, பயணச்சீட்டின் அடிக்கட்டை ஆகியவற்றை எறிந்துவிடாது சேர்த்து வைத்தல் வேண்டும். இவையே இக்காலத்து மூலவோலைகள்.

1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலே நிலையம் உண்டு. வறியோர்க்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி அங்கே கிடைக்கும். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் காக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. பாதுகாப்பையும் நட்டஈட்டையும் கோரும் வழியை அச்சட்டம் வகுத்துள்ளது. தொட்டிலில் விலைப்பட்ட குழந்தைக்கு 1821இல் கிடையாத வழி அது.

ஆனால் கடல் இன்னும் இடையே கிடக்கின்றது. நெடுந்தீவிலிருந்து ஒருவர் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பேருந்திலே ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லுதல் வேண்டும். காற்றுக் காலத்தில் படகோட்டம் உறுதியற்றது. ஒரு தவணைக்கு ஒரு நாள் உழைப்புப் போகின்றது. வழக்குக்கோ பல தவணைகள். படகுக் கூலியையும் சாட்சியின் ஒரு நாட் கூலியையும் கணக்கிற் கொள்ளாத சட்ட உதவி, தீவகத்தவர்க்கு அரை உதவியே. ஆணைக்குழுவினர் தீவுகளுக்கு வந்து நடமாடும் ஆலோசனை நடத்தும் நாட்களை முன்னரே கோயிற் பலகையிலும் கூட்டுறவுக் கடையிலும் எழுதி ஒட்டினால் நன்று.

பாடசாலைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரையானவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், ஏமாற்றினர், அச்சுறுத்தினர் என்றெல்லாம் தனித்து நிறுவ வேண்டியதில்லை என்பது பலர்மோ நெறிமுறையின் கொள்கை. ஆகவே வயது என்னும் ஒன்றே வழக்கின் உயிராகிவிடுகின்றது. தரகன் முதலிற் செய்வதும் கடவுச்சீட்டிலே வயதைக் கூட்டுவித்தலே. அவ்விடத்தே பிறப்புச் சான்றிதழோடு பாடசாலையின் சேர்விடாப்பும் சாட்சியாகின்றது. 1990களின் இடப்பெயர்வுகளில் தீவகத்துப் பாடசாலைகளின் ஏடுகள் பல அழிந்தன. எஞ்சியவற்றை ஈரமும் கறையானும் படாமற் காத்தலும், அழிந்தவற்றுக்குப் பதிலாகப் பழைய தேர்ச்சி அறிக்கைகளையும் விடுகைப் பத்திரங்களையும் குடும்பங்களிடமிருந்து திரட்டிப் படியெடுத்து வைத்தலும் அதிபர்கள் இவ்வாண்டே தொடங்கக்கூடிய வேலை. அலுவலக அலுமாரியிலே பூட்டி வைக்கும்போது, எந்த மாணவியின் பெயர் எத்தனையாம் பக்கத்தில் உளது என்னும் அகரவரிசைப் பட்டியலையும் சேர்த்து வைத்தல் நலம். நீதிமன்றத்து அழைப்பாணை வரும் நாளிலே தேடிக்கொண்டிருக்க நேரமிராது.